மேற்படி பம்பர் தொடர்பாக

ஜூன் 4

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். பொருள்: என் மகள் முன்னறிவிப்பின்றி வந்து சேர்ந்ததும், வண்டியின் முன்பக்கம் காணாமல் போனதும் தொடர்பாக.

மன்னிக்கவும். முப்பத்தோரு வருடம் வண்டி ஆய்வாளராகக் குப்பை கொட்டியவன் கை, காகிதத்தைக் கண்டதும் தானாகவே 'பொருள்' என்று எழுதிவிடுகிறது. அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். எனக்குக் காது மந்தம். ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். போட்டால் எனக்கு முன்னால் பக்கத்து அறையில் இருக்கும் என் மகளுக்குக் கேட்கும், அவளுக்கு முன்னால் எதிர்வீட்டுக்காரருக்குக் கேட்கும். இது நமக்குள் இருக்க வேண்டிய விஷயம்.

நேற்றுக் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பை, மாட்டு மருந்துப் பெட்டி, காலில் சேறு காயாத பூட்ஸ்.

"வண்டி எங்கம்மா?"

"உங்க மாப்பிள்ளையைக் கேளுங்க."

"ரிப்பேரா?"

"ரிப்பேரா? மூஞ்சியே இல்லப்பா! ரேடியேட்டரைப் போர்வை விரிச்சுப் படுக்க வச்சிருக்காரு. அது எழுந்து உட்கார்ந்தாத்தான் நான் அந்த வீட்டுப் படி ஏறுவேன்."

கதவைச் சாத்திக்கொண்டவள், இன்று மதியம் சாப்பிட மட்டும் வந்தாள்.

சம்பந்தியம்மா, அந்த ஜீப்பை நான் இருபத்திரண்டு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டவன். மகள் மலைக்கிராமங்களுக்குப் போகிற கால்நடை டாக்டர் ஆயிற்றே என்றுதான் கல்யாணத்தின்போது மனதைக் கல்லாக்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தேன். முன் பம்பருக்குப் புதுசாக முலாம்கூடப் பூசிக் கொடுத்தேன். மாப்பிள்ளை அதன் மேல் கைவைத்தது எந்த அதிகாரத்தின்பேரில் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இன்னொன்று. அவள் பையிலிருந்து ஓர் அலுவலகக் கடிதம் விழுந்தது. நான் படிக்கவில்லை, விழுந்தது தெரியும்படி விழுந்தது. ஜூலை ஒன்றாம் தேதி காலை ஓடுகிற வண்டியோடு வந்து நிற்காவிட்டால் மலைக்கிராமங்களைச் சுற்றுகிற வேலை வேறொரு டாக்டருக்குப் போய்விடுமாம். இவளுக்குக் கிடங்கில் தடுப்பூசிப் புட்டிகளை எண்ணுகிற வேலை. மலையை விட்டால் என் மகள் வாடிப்போவாள். ஆகவே விரைந்து பதில் எழுதவும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


ஜூன் 7

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். 'எந்த அதிகாரத்தின்பேரில்' என்ற இடம் வந்தபோது பால் பொங்கி வழிந்துவிட்டது. அந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பையன் செய்தது தப்புதான். ஆனால் எதற்காகச் செய்தான் என்று கேட்காமல் விசாரணைக் கமிஷன் வைக்காதீர்கள். ஏப்ரல் மாதம் உங்கள் பெண் மலையில் பாறையில் இடித்தபோது, நீங்கள் முலாம் பூசிக் கொடுத்த பம்பர் காகிதம்போல மடங்கி டயரைக் கவ்விக்கொண்டதே, வண்டி நகராமல் ஐந்து மணி நேரம் அங்கே தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தாளே, அது உங்களுக்குத் தெரிந்த கதைதான். அவளைத் தேடிப் போய் அழைத்து வந்த அன்று என் பையனால் சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்ற முடியவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன், அரை மில்லிமீட்டர் பிசகாமல் லென்ஸ் தேய்க்கிற கை அது. நான் பார்த்தேன்.

அடுத்த வாரம் ஒரு தட்டைப் பெட்டி வந்தது. தூக்கி வந்த ஆள் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டான். உள்ளே முப்பத்து நான்கு இரும்புத் தகடுகள், எல்லாம் அளவாக வெட்டி நம்பர் போட்டது. ஒரு வரைபடம். நாமே வெல்டிங் செய்து பம்பராக ஆக்கிக்கொள்ள வேண்டியதாம்.

"ரெண்டு நாள் வேலைம்மா. அவ டிரெயினிங் முடிஞ்சு வர்றதுக்குள்ள மாட்டி நிறுத்திடுவேன். சொல்லாதே, சும்மா அசந்து போகட்டும்."

ஏழு வாரம் ஆகிறது, சம்பந்தி. அசந்துதான் போனாள். அவள் திரும்பி வந்த அன்றே மலையிலிருந்து ஆள் வந்தது, ஒரு பசு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று. மருந்துப் பெட்டியோடு ஓடினாள். கொட்டகையில் வண்டி முன்பக்கம் இல்லாமல் மரக்கட்டைமேல் நிற்கிறது. பால் வண்டியில் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து போனாள். பசுவும் கன்றும் பிழைத்தன. ஆனால் இரண்டு மணி நேரம் தாமதம். பசுவின் சொந்தக்காரர், "டாக்டரம்மா, இனிமே முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம்" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். அதன்பிறகும் அவள் ஆறு வாரம் பொறுத்தாள், ஒவ்வொரு வாரமும் "இந்த ஞாயித்துக்கிழமை முடிஞ்சிடும்" என்ற பதிலைக் கேட்டபடி. அவளை நான் குறை சொல்லமாட்டேன். நானாக இருந்தால் ஆறு நாளில் கிளம்பியிருப்பேன்.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், நான் இருபத்தாறு வருடமாகத் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் சொல்லிக்கொடுக்கிறேன். ஆமாம், அதே வீட்டில்தான் இருக்கிறேன். என் மெஷின் கொட்டகையில் உறைபோட்டு நிற்கிறது. என் பையன் அதைத் தாண்டிக்கொண்டு போய், கடைத்தெருவில் வாடகைக்கு ஒரு மெஷின் எடுத்து வந்தான். நான் கிட்டே போனால், "நீ போய்ப் படும்மா" என்கிறான். பகல் பதினொரு மணிக்கு!

நானும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டேன்.

இப்படிக்கு,
சம்பந்தி


ஜூன் 10

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். பார்வை: தங்கள் ஜூன் 7 கடிதம்.

எனக்குத் தெரிந்த கதை அல்ல. பாறை தெரியாது. டயர் தெரியாது. ஐந்து மணி நேரம் தெரியாது. "மலையில எல்லாம் சுகம்ப்பா" என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் சொன்னாளே, அது மட்டும்தான் தெரியும்.

கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அவள் அறைக்கதவைத் தட்டினேன்.

"ஐந்து மணி நேரமா?"

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன?"

"அத்தைதானே! அத்தைக்கு ஒரு விஷயம் வயித்துல நிக்காதே!"

"எங்கிட்ட ஏம்மா சொல்லலே?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? சாவியைப் பிடுங்கி இருப்பீங்க. இல்லேன்னா வேலையை விடுன்னு ஒத்தைக் காலில் நின்னிருப்பீங்க."

இரண்டும் செய்திருப்பேன் என்பதால் நானே கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

சம்பந்தியம்மா, இரண்டு நாளாகத் தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் மலைச்சரிவில் ஒரு வண்டியும் அதன் பக்கத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருக்கும் என் பெண்ணும்தான் தெரிகிறார்கள். மாப்பிள்ளையைப் பற்றி முன் கடிதத்தில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். முழுவதும் அல்ல. சொல்லாமல் செய்ததற்கான கண்டனம் அப்படியே இருக்கிறது. ஆனால் பம்பர் வேண்டும். நல்லதாக வேண்டும். தகடு எத்தனை மில்லிமீட்டர் கனம்? எத்தனை போல்ட்? பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தானே வெல்டிங் செய்கிறார்? என்றைக்கு முடியும்?

இன்னொரு கேள்வி, தவறாக எண்ண வேண்டாம். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் வெல்டிங் கற்றுக்கொடுக்கும் வீட்டில், தாயும் மகனும் பத்தடித் தூரத்தில் இரண்டு மெஷின் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது எதனால்? நீங்கள் சொன்ன 'வாய்க்குப் பூட்டு' என்ற காரணம் எனக்குப் போதவில்லை. ஆய்வாளர் புத்தி, ஓசை வேறுபட்டால் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்கிறது.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு: உங்கள் கடிதம் எனக்கு வந்தபோது உறையின் பசை ஈரமாக இருந்தது. தபால்காரர் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. உங்கள் ஊரில் நல்ல பசை போலும்.


ஜூன் 14

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெண்ணிடம் என்னை மாட்டிவிட்டதற்கு நன்றி. வயிற்றில் நிற்காதாமே. இருக்கட்டும், அவள் வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

பம்பர் நேற்று முடிந்தது. இன்று மாட்டினார்கள். மாட்டவில்லை.

விவரமாகச் சொல்கிறேன். தெருவில் இருக்கிற நான்கு பேரைக் கூப்பிட்டுத் தூக்கினான். பல் டாக்டர், மாடிவீட்டுப் பேராசிரியர், தையல்கடைக்காரர், அவர் மைத்துனர். நால்வரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "இந்தப் பக்கம் தூக்குங்க", "அந்தப் பக்கம் இறக்குங்க", "ஐயோ என் விரல்!" கடைசியில் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கு நேராகக் கொண்டுபோய் வைத்தால், இடதுபக்க போல்ட் போகிறது, வலதுபக்கத் துளை ஏழு மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. வலதுபக்கம் போட்டால் இடது தள்ளுகிறது. ஜாக்கி வைத்து நெம்பினான். பம்பர் அசையவில்லை, ஜாக்கி வளைந்தது. நால்வரும் வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டார்கள்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "நாலு தடவை அளந்தேன்மா. அரை மில்லிமீட்டர் கூட மாறல." என்னிடம் சொன்னதல்ல, தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சாப்பிட வரவில்லை.

அவன் அளந்தது சரி. அதுதான் தப்பு. லென்ஸை ஒருமுறை அளந்தால் அது அப்படியே இருக்கும். இரும்பு அப்படி இருக்காது. ஒரு முனையில் ஆரம்பித்து நிறுத்தாமல் மறுமுனை வரைக்கும் வெல்டிங் ஓட்டினால், ஆறும்போது அது சூடு பட்ட பக்கம் இழுத்துக்கொள்ளும். வண்டியிலேயே மாட்டி, பொட்டுப் பொட்டாக ஒட்டி, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று ஆறவிட்டு ஆறவிட்டுச் செய்ய வேண்டும். முதல் வருடப் பாடம்.

அவன் ஒரே மூச்சில் ஓட்டியதை மூன்று வாரம் முன்னால் நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், சம்பந்தி. 'இது இழுக்கப் போகிறது' என்று எனக்கு அப்போதே தெரியும். ஒரே ஒரு வார்த்தை. "நிறுத்துடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் பெண் இன்று மலையில் இருந்திருப்பாள். சொல்லவில்லை. ரோஷம். என்னைப் போய்ப் படு என்றவன் படட்டும் என்று நின்றேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்றீர்கள். பாருங்கள். அவன் பதினாறு வயதில் என் வகுப்பில்தான் சேர்ந்தான். முதல் மாதம் ஒரு வெல்டிங் துண்டைக் கொண்டுவந்து நீட்டினான். மோசமாகத்தான் இருந்தது. ஆனால் மற்றப் பையன்களின் துண்டும் அப்படித்தான் இருந்தது. பெற்ற பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, நாற்பது பேர் முன்னால் அதைக் குப்பை வாளியில் எறிந்து, "என் பையன்னு வெளியே சொல்லிக்காதே" என்றேன். வகுப்பே சிரித்தது. மறுநாள் அவன் வரவில்லை. கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போனான்.

அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. இப்போது எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
சம்பந்தி


ஜூன் 17

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. படிவம் தயாரிக்க வரும். ஆகவே படிவம் தயாரித்திருக்கிறேன்.

மாப்பிள்ளை பெயருக்குத் தனியாக ஒரு பதிவுத் தபால் இன்றே அனுப்பியிருக்கிறேன். சாராம்சம்: வண்டி என் பெயரில்தான் இன்னும் பதிவாகி இருக்கிறது. எனவே, மேற்படி பம்பரை, தகுதிபெற்ற வெல்டிங் ஆசிரியர் ஒருவர் நேரில் பார்வையிட்டுக் கையொப்பமிட்டாலொழிய ஏற்க இயலாது. இணைப்பு: படிவம், இரண்டு பிரதிகள்.

உங்கள் ஊரில் தகுதிபெற்ற வெல்டிங் ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று விசாரித்தேன். ஒரே ஒருவர்தானாம்.

மாப்பிள்ளை கையெழுத்துக் கேட்டு உங்கள் கதவைத் தட்டியாக வேண்டும். தட்டிய பிறகு எப்படி ஆரம்பிப்பது என்பது உங்கள் பாடு. நாம் பேசிவைத்துச் செய்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும்.

என் மகள் சாப்பாட்டு மேஜையில், "தபால் வந்துச்சா?" என்று கேட்கிறாள். "யாரிடமிருந்து?" என்றால், "யாரிடமிருந்தும்" என்கிறாள். நேற்று என் பழைய வண்டிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு சேசிஸ் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்றேன். "ஒண்ணுமில்லே, படம் நல்லா இருக்கு" என்றாள்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு: நீங்கள் மனம் திறந்து எழுதியபின் நான் மறைப்பது முறையல்ல. கல்யாணத்துக்கு முந்தின வாரம் பம்பரைக் கழற்றி முலாம் பூசக் கொடுத்தேன் அல்லவா. அப்போது அதைத் தாங்கும் பிடிகளைப் பார்த்தேன். துரு. விரலால் அழுத்தினால் பொடி உதிர்ந்தது. புதுப் பிடி செய்ய நான்கு நாள் ஆகும் என்றார்கள். கல்யாண வேலை தலைக்கு மேல் இருந்தது. துருவின் மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்துப் பூட்டிவிட்டேன்.

முப்பத்தோரு வருடத்தில் பெயிண்டுக்கு அடியில் துருவை ஒளித்துக் கொண்டுவந்த எத்தனையோ பேரை நான் வாய்க்கு வந்தபடி திட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பம்பர் மடங்கியது பாறையால் அல்ல, சம்பந்தியம்மா. என்னால். இதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.


ஜூன் 23

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் சாதாரண ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. சொந்த வீட்டில், திறந்திருக்கிற கதவைத் தட்டுகிறான். கையில் உங்கள் படிவம்.

"அம்மா, இதுல ஒரு கையெழுத்து வேணுமாம்."

"யாருக்கு?"

"மாமாவுக்கு."

"பார்க்காம போடமாட்டேன்."

"பார்த்துட்டுப் போடு."

"பார்த்தா போடுவேனான்னு தெரியாதே."

"அது எனக்கும் தெரியும்" என்றான்.

கொட்டகைக்குப் போனேன். இத்தனை வாரம் தூரத்திலிருந்து பார்த்ததை முதல்முறையாகக் கிட்டே பார்த்தேன். பம்பர் தரையில் கிடந்தது. குனிந்து வெல்டிங்கைத் தடவினேன். சம்பந்தி, நான் கூட்டிச் சொல்கிற ஆளில்லை. மீன் செதில் அடுக்கியது மாதிரி ஒரே அளவாக, ஓர் இடத்தில்கூட ஓட்டையோ மேடோ இல்லாமல் இருந்தது. முப்பது வருடம் கைப்பழக்கம் உள்ளவன்கூட அப்படிப் போடமாட்டான்.

"நல்லா வந்திருக்குடா."

"கிண்டலா?"

"என் கிளாஸா இருந்தா முதல் மார்க்கு."

"உன் கிளாஸ்ல எனக்குக் கிடைச்சது குப்பை வாளிம்மா."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எப்படி ஆரம்பிப்பது என்று உங்களுக்கு எழுதினேனே, ஆரம்பம் அவனே போட்டுக் கொடுத்துவிட்டான்.

"தப்புடா. அன்னைக்கு நான் பண்ணினது பெரிய தப்பு. அன்னைக்குச் சாயங்காலமே சொல்லியிருக்கணும். பதினேழு வருஷம் லேட்டு."

அவன் கையுறையை மாட்டினான், கழற்றினான், மறுபடி மாட்டினான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, அந்த ஏழு மில்லிமீட்டர் எங்க போச்சுன்னு சொல்லு" என்றான்.

சொன்னேன். மூன்று வாரம் முன்னாலேயே தெரியும் என்பதையும் சொன்னேன். "அடிப்பாவி அம்மா!" என்று அரைமணி நேரம் கத்தினான். அது நியாயம்தான், வாங்கிக்கொண்டேன்.

பிறகு அவனே, பம்பரை வண்டியோடு பிணைக்கும் இரண்டு பிடித்தகடுகளையும் கிரைண்டரால் அறுத்து எடுத்தான். அவற்றை முதலில் வண்டியின் சேசிஸில் முடுக்கினோம். பம்பரை ஜாக்கியும் பலகையும் வைத்து மேலே கொண்டுவந்து, வண்டியிலேயே ஒட்டினான். விரலளவு இங்கே, விரலளவு அங்கே. நான் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துகொண்டு "போதும், ஆறட்டும்" என்று மட்டும் சொன்னேன். மூன்று நாள். வெல்டிங் ராடை ஒருதடவைகூட நான் தொடவில்லை. தொடச்சொல்லி நீட்டினான், மாட்டேன் என்றேன். பேட்டரி ஒயரைக் கழற்றினோம், நிம்மதியாக இருங்கள்.

நேற்று போல்ட்டுகளைக் கழற்றி எல்லாவற்றையும் இறக்கி, மறுபடி ஏற்றினோம், பரீட்சை பார்க்க. எட்டு போல்ட்டும் விரலாலேயே திருகிக்கொண்டு உள்ளே போயின. ஸ்பானர் கடைசி முறுக்குக்கு மட்டும். அவன் வண்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

படிவத்தில் 'வெல்டிங் செய்தவர்' என்ற இடத்தில் அவன் கையெழுத்து, 'பார்வையிட்டவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து. இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஆனால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். "அவளுக்கு போன் பண்ணுடா" என்றேன்.

"பண்ணி என்ன சொல்றது? ரெடியாயிடுச்சுன்னா? ஆறு வாரமா அதையேதான் சொல்லிட்டு இருந்தேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்வேன்?"

"அப்ப அவ எப்படித்தான் வருவா?"

"வரமாட்டா" என்றான். வண்டியைத் துடைக்கப் போய்விட்டான். துடைத்ததையே துடைத்துக்கொண்டிருக்கிறான். ஒன்றாம் தேதிக்கு எட்டு நாள்தான். எனக்கு ஒன்றும் ஓடவில்லை, நீங்கள்தான் ஏதாவது படிவம் யோசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
சம்பந்தி


ஜூன் 27

சம்பந்தியம்மா,

அவசரம். மகளைக் காணவில்லை.

காலை எழுந்து பார்த்தால் பூட்ஸ் இல்லை, மருந்துப் பெட்டி இல்லை. மேஜையின் மேல் உங்கள் கடிதம். உறை பிரித்து, மாட்டுக் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியால் மறுபடி ஒட்டியிருக்கிறது. உங்கள் ஊர்ப் பசையைப் பற்றி நான் எழுதியதை மறந்துவிடவும். இத்தனை நாளும் எல்லாக் கடிதத்தையும் எனக்கு முன்னால் படித்திருக்கிறாள். நான் எழுதியவற்றையும் பெட்டியில் போடும் முன் படித்திருக்கிறாள்.

உறையின் பின்பக்கம் அவள் எழுதியது: "அப்பா, பம்பரை நான் போய்ப் பார்க்கிறேன். நல்லா இல்லேன்னா திரும்பி வருவேன். துருவைப் பத்தி அப்புறம் பேசலாம்."

துருவைப் பற்றித் தெரிந்து பத்து நாள் ஆகிறது. பத்து நாளும் நான் பரிமாறியதைச் சாப்பிட்டு, எனக்கு மருந்து எடுத்துக் கொடுத்து, ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை.

வந்து சேர்ந்தாளா? நல்லா இல்லை என்று சொல்லிவிட்டாளா? உடனே தெரிவிக்கவும். போன் செய்தாலும் பரவாயில்லை. எதிர்வீட்டுக்காரர் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

தங்கள் சம்பந்தி


ஜூலை 1

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நான்கு தடவை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. மணி அடித்தது காதில் விழவில்லை போலிருக்கிறது. பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன், இதைப் பிளாஸ்திரி போடாமல் நீங்களே முதலில் படிக்கலாம்.

வந்துவிட்டாள். நீங்கள் எழுதிய அன்று காலையே வந்தவள் வீட்டுக்குள் வரவில்லை, நேராகக் கொட்டகை. என் பையன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துணியைக் கையில் பிடித்தபடி சிலையாகிவிட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பம்பரின் முன்னால் குந்தி உட்கார்ந்து மேலே, கீழே, பின்னால் எல்லாம் பார்த்தாள். பூட்ஸ் காலால் இரண்டு உதை விட்டாள். உங்கள் ரத்தம், சம்பந்தி, சந்தேகமே இல்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அசந்து போவேன்னு..."

"மலைக்குப் போற டாக்டருக்கு வண்டிதான் காலு. எனக்காகன்னு சொல்லி என் காலையே கழட்டி வச்சுட்ட. ஏழு வாரம்! ஒரு வாரம் ஆகும், ரெண்டு மாசம் ஆகும், எது ஆனாலும் சொல்லியிருந்தா நான் வேற வண்டி ஏற்பாடு பண்ணியிருப்பேன்ல?"

"தப்புதான். நீ அங்க தனியா உட்கார்ந்திருந்தது மனசைவிட்டுப் போகவே இல்ல. வேற எதுவும் தோணல."

அவள் விரலை மடக்கிப் பம்பரைத் தட்டினாள். பிறகு, "அடிச்சா தாங்குமா?" என்றாள்.

"ம்... தாங்கும்."

"அந்த 'ம்' எதுக்கு?"

அவன் கையிலிருந்த துணியை மடித்தான். "ஏறு" என்றாள். ஏறினான். வண்டியை ஸ்டார்ட் செய்து, கொட்டகையை விட்டு வெளியே எடுத்து, வாசலுக்குப் போகாமல் நேராக எங்கள் முன்பக்க மதிலைப் பார்த்துத் திருப்பினாள். "அடியேய்!" என்று நான் கத்துவதற்குள், ஆமை மாதிரி மெதுவாகப் போய், முட்டி, நிறுத்தாமல் அமுக்கினாள். மழையில் ஊறிப் போன பழைய மதில். ஒரு முனகல். அப்புறம் அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும் மொத்தமும் தெருப்பக்கம் படுத்துவிட்டது. பல் டாக்டர் பல் தேய்க்கிற பிரஷோடு வெளியே ஓடிவந்தார்.

புழுதி அடங்கியதும் போய்ப் பார்த்தேன். பம்பரில் பெயிண்ட் ஓர் இடத்தில் உரிந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

வண்டிக்குள் சத்தம் வந்தது. அழுகிறார்கள் என்று நினைத்து ஓடினேன். சிரிக்கிறார்கள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரிக்கிறார்கள். இத்தனை வாரம் கழித்து இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டது. மதில் போனால் போகட்டும் என்று நானும் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் உங்களுக்குச் சொல்லச் சொன்னது: துருவை மறைத்தது மன்னிக்க முடியாத குற்றம், தண்டனையாக நீங்கள் பெட்டி படுக்கையோடு இங்கே வந்து மதில் கட்டி முடிக்கும்வரை தங்க வேண்டும். செங்கலுக்குப் படிவம் தேவையில்லை. அவள் மனதில் கோபம் இல்லை, சம்பந்தி, நான் கேட்டுவிட்டேன். "பயந்துட்டே பத்து நாள் எனக்குப் பரிமாறினாரே, அதே போதும்" என்றாள். நீங்கள் அவளுக்குத் தெரியாது என்று நினைத்துத் தட்டுத் தட்டாக நீட்டினீர்களாம்.

இன்று ஒன்றாம் தேதி. காலை ஆறரை மணிக்கு மருந்துப் பெட்டியை ஏற்றினாள். என் பையன் கடைக்குப் போகிற சட்டையோடு, சாப்பாட்டுப் பையோடு வந்து நின்றான்.

"வழியிலதானே, கடையில இறக்கி விட்டுடறேன்" என்றாள் என்னிடம், அவனிடம் அல்ல.

சரி என்றேன். வண்டி கிளம்பியது. மதில் இருந்திருந்தால் வாசல் வரைக்கும்தான் எனக்குத் தெரிந்திருக்கும். இப்போது தெருமுனை வரைக்கும் பளிச்சென்று தெரிகிறது. கடைக்கு இடதுபக்கம் திரும்ப வேண்டும். வண்டி அங்கே ஒரு நொடி நின்றது. பிறகு வலதுபக்கம், மலைப்பாதையில் திரும்பியது. அவன் இறங்கவில்லை.

இப்படிக்கு,
சம்பந்தி